‘லவ் பேர்ட்ஸ்’ வியாபாரம்: பெயரறிந்து வாங்குவோம், தரமறிந்து விற்போம்

மாவனல்லையிலிருந்து இறக்குவானை வரை, தேயிலை இறப்பர் தோட்டங்களை அண்டிய பஜார்களில் பலசரக்குக் கடை, பிளாஸ்டிக் சாமான் கடை, கோழித்தீன் கடை ஆகியவற்றின் முன்னால் பறவைக் கூடுகள் தொங்குவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். இது பெரிய முதல் கேட்கும் தொழிலல்ல. அரிசி, சீனி போலக் கொப்பியில் எழுதிக் கடன் கொடுத்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுமில்லை. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து பிள்ளைகளோடு இறங்கி வருபவர் கையில் காசைக் கொடுத்து ஒரு சோடியை வாங்கிப் போகிறார். வீட்டிலிருக்கும் பெண்கள் குஞ்சு எடுத்துக் கொடுக்க, கடையிலிருப்பவர் விற்கிறார். பல குடும்பங்களுக்கு இது ஒரு கைச்செலவு வருமானமாகியிருக்கிறது.

ஆனால் முறைப்பாடுகளும் இதிலேதான் அதிகம். வாங்கிப் போன பறவை இரண்டு கிழமையில் செத்துவிட்டது, சோடி என்று தந்தது இரண்டும் சேவல், குஞ்சு என்று தந்தது கிழடு. இப்படி ஏமாந்தவர் பறவை வாங்கத்தான் வரமாட்டார் என்றில்லை. அடுத்த மாதம் அரிசி வாங்கவும் வேறு கடைக்குப் போய்விடுகிறார். பெரும்பாலான வியாபாரிகள் ஏமாற்ற நினைத்து இதைச் செய்வதில்லை. விற்கும் பொருள் என்னவென்று தெரியாமல் விற்பதுதான் காரணம். புடவைக் கடைக்காரர் துணியைத் தொட்டே நூல் தரம் சொல்கிறார், மாணிக்க வியாபாரி கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். பறவைக்கும் அப்படியொரு பார்வை உண்டு. இவ்வாரம் அதைப் பார்ப்போம்.

முதலில் பெயர்

எமது பஜார்களில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று சொல்லி விற்கப்படுவதில் மிகப் பெரும்பாலானவை உண்மையான லவ் பேர்ட் அல்ல. அவை பட்ஜரிகர் என்னும் அவுஸ்திரேலியச் சிறு கிளிகள். சுருக்கமாகப் பட்ஜி என்பார்கள். 1805 இல் ஜோர்ஜ் ஷோ என்பவர் இதை விஞ்ஞான முறைப்படி விவரித்தார். 1840 இல் ஜோன் கூல்ட் உயிருள்ள பறவைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். அதன் பிறகு கூட்டிலேயே பெருகி உலகமெல்லாம் பரவிவிட்டது. சுமார் 18 சென்ரிமீற்றர் நீளம், அதில் வால் பெரும் பகுதி. நிறை 30 முதல் 40 கிராம் வரை. காட்டில் இருப்பவை பச்சை உடலும் மஞ்சள் முகமும் முதுகில் கறுப்பு வரிகளும் கொண்டவை. நீலம், வெள்ளை, முழு மஞ்சள் எல்லாம் கூட்டில் வளர்த்தவர்கள் 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தெரிந்தெடுத்துப் பெருக்கிய நிறங்கள்.

உண்மையான லவ் பேர்ட் ஆபிரிக்காக் கண்டத்துக்கும் மடகஸ்கார் தீவுக்கும் உரியது. ஒன்பது இனங்கள் உண்டு. உடல் தடித்து, வால் குட்டையாக, சொண்டு பெரிதாக இருக்கும். விலையும் பட்ஜியை விட அதிகம். ஆகவே வாங்குபவர் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கேட்டால், எதைக் கேட்கிறார் என்று தெளிவாகக் கேட்டுக் கொண்டு, பட்ஜியைப் பட்ஜி என்றே சொல்லி விற்பது நல்லது. ஊர் வழக்கில் பெயர் மாறியிருப்பது எமது குற்றமல்ல. பெயரை வைத்து விலையை ஏற்றினால்தான் குற்றம்.

சிவப்பு முதுகு வந்தால் வாங்காதீர்கள்

எமது பகுதி வியாபாரிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய விடயம் இதுதான். சப்ரகமுவையில் தோட்டங்களுக்கும் காட்டுக்கும் இடையே வேலி கிடையாது. சிங்கராஜ வனத்தின் பெரும் பகுதி இரத்தினபுரி மாவட்டத்திலேயே இருக்கிறது. மரப்பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சைப் பையில் போட்டுக் கொண்டு, “முதலாளி, லவ் பேர்ட் ஒன்று இருக்கு, என்ன தருவீங்க?” என்று கேட்டு வருபவர்கள் உண்டு.

சிங்களத்தில் கிரமலித்தா எனப்படும் சிறு கிளி இலங்கையில் மாத்திரம் வாழ்வது. 13, 14 சென்ரிமீற்றர்தான் இருக்கும். பச்சை உடல், தலையின் மேற்புறம் சிவப்பு, குட்டை வால். ஆபிரிக்க லவ் பேர்ட் சிலவற்றுக்கும் இதே பச்சை உடலும் சிவந்த முகமும் இருப்பதால் தெரியாதவர் மாறிப் போவார். வித்தியாசம் காண்பது எளிது. சிறகை மெல்ல விலக்கி முதுகின் அடிப்பகுதியை, வால் தொடங்கும் இடத்தைப் பாருங்கள். அங்கே சிவப்பென்றால் நாட்டுப் பறவை. கடைகளில் வழக்கமாக வரும் ரோஜா முக லவ் பேர்ட்டுக்கும் பிஷர் லவ் பேர்ட்டுக்கும் அந்த இடம் நீலமாக இருக்கும். பிஷருக்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமும் உண்டு. கிரமலித்தாவுக்கு அது இல்லை. கிரமலித்தாவின் சொண்டு மெல்லியது, கூரானது, செம்மஞ்சள் நிறம். அது தலைகீழாகத் தொங்கிக் கொண்டு தூங்கும். பூத்தேனும் மென்பழமும் உண்பதால் தினையைப் போட்டால் கூட்டில் பட்டினியாகவே சாகும்.

அதேபோல் அலு கிரவா எனப்படும் சாம்பல் தலைக் கிளியும் இலங்கைக்கு மாத்திரம் உரியது. தலையும் முதுகும் நீலம் கலந்த சாம்பல், வால் நுனி மஞ்சள். பண்டு கிரவா ஆணுக்குத் தலை நாவற்பழச் சிவப்பு. லபு கிரவா பெரியது, தோளில் சிவப்புத் திட்டு இருக்கும். குஞ்சாக இருக்கும்போது இவையெல்லாம் ஏறக்குறைய பச்சையாகவே தெரியும். ஆகவே வியாபாரிக்கு நான் சொல்லும் விதி ஒன்றுதான்: காட்டில் எடுத்தது என்று தெரிந்தால் எந்தக் கிளியானாலும் கடைக்குள் எடுக்க வேண்டாம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 2009 இல் அது மேலும் இறுக்கப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பறவையைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். வனசீவராசிகள் திணைக்கள அதிகாரி வந்தால், கொண்டு வந்தவர் தோட்டத்துக்குள் மறைந்துவிடுவார். கடைப்பலகையில் பெயர் எழுதியிருப்பவர்தான் நீதிமன்றம் போக வேண்டும்.

சட்டம் ஒருபுறமிருக்க, அபூதாவூதில் வரும் சம்பவத்தை நாம் மறக்கலாகாது. பிரயாணத்தின்போது தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், குஞ்சுகளைத் தாயிடமே திருப்பி விடும்படி பணித்தார்கள்.

பறவை வளர்ப்பதே கூடாதோ என்று சிலர் கேட்பார்கள். அபூ உமைர் என்ற சிறுவரிடம் ஒரு சின்னப் பறவை இருந்ததும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அவரிடம் பரிவோடு விசாரித்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னுல் காஸ் என்ற அறிஞர் இந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபது பயன்களை எடுத்துத் தனி ஏடே எழுதினார். பறவையை அடைத்து வளர்ப்பது ஆகும் என்பதற்கு இதையே உலமாக்கள் காட்டுகிறார்கள். ஆனால் பூனையைக் கட்டிப் போட்டு உணவும் கொடுக்காமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் செய்தியும் அதே நூல்களில்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டுத் திங்கள் திறக்கும் முதலாளிமார் இதைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

சேவலா பேடா, குஞ்சா கிழடா

பட்ஜியின் சொண்டுக்கு மேலே, மூக்குத் துவாரம் உள்ள சதைப் பகுதியைப் பாருங்கள். வளர்ந்த சேவலுக்கு அது நீலம். பேட்டுக்கு வெளிறியிருந்து, முட்டையிடும் பருவத்தில் கபில நிறமாகித் தடிக்கும். குஞ்சுப் பருவத்தில் சேவலுக்கு முழுவதும் ஒரே இளஞ்சிவப்பாக இருக்கும்; பேட்டுக் குஞ்சுக்குத் துவாரத்தைச் சுற்றி வெண்மை தெரியும். ஒரு விதிவிலக்கு உண்டு, இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சிவப்புக் கண்ணுள்ள முழு மஞ்சள், முழு வெள்ளைச் சேவல்களுக்கு வளர்ந்த பின்னும் நீலம் வராது, இளஞ்சிவப்பாகவே இருக்கும். அதைப் பேடு என்று விற்றால் வாங்கியவர் வருடக்கணக்கில் வெறும் பெட்டியைப் பார்த்துக் கொண்டிருப்பார்.

வயதுக்கு நெற்றியைப் பார்க்க வேண்டும். குஞ்சுக்கு நெற்றி வரிகள் சொண்டு வரை வந்திருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு மாறியதும் நெற்றி வெளுத்து, பிறகு கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். நெற்றி வரியில்லாத, கண்ணில் வளையம் விழுந்த பறவையை ‘குஞ்சு’ என்று எவரும் விற்க முடியாது. ஆனால் மஞ்சள், வெள்ளைப் பறவைகளில் வரி தெரியாது. அவற்றுக்கு எடுத்தவரின் குறிப்புத்தான் சாட்சி.

லவ் பேர்ட்டில் நிலைமை வேறு. ரோஜா முகம், பிஷர் இரண்டிலும் ஆணும் பெண்ணும் கண்ணுக்கு ஒரே மாதிரி. மரபணுப் பரிசோதனை இல்லாமல் ‘சோடி’ என்று உறுதி சொல்வது பொருத்தமல்ல. முட்டையிட்டுக் குஞ்சு எடுத்த சோடி என்றால் அப்படிச் சொல்லி விற்கலாம். இல்லாவிட்டால் ‘இரண்டு பறவை’ என்றே விற்க வேண்டும்.

எமது மழைக்கு ஏற்ற பராமரிப்பு

பட்ஜி வறண்ட நாட்டுப் பறவை. நாமோ இலங்கையின் அதிக மழை பெறும் பகுதியில் இருக்கிறோம். இங்கே பறவைகளைக் கொல்வதில் முன்னணியில் நிற்பது பூஞ்சணம் பிடித்த தீன். மூட்டையைச் சீமெந்து நிலத்தில் வைக்காமல் பலகை மேல், மூடியுள்ள பீப்பாயில் வையுங்கள். மணத்திப் பார்த்து ஊசல் மணம் வந்தால் கழித்துவிடுங்கள். நல்ல தினையா என்று அறிய நூறு மணிகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் முளைக்காத தீன் பழையது. மொத்த வியாபாரியிடம் இந்தக் கணக்கைக் காட்டிப் பேசினால் அடுத்த முறை நல்ல மூட்டை வரும்.

தினை, குரக்கன், சிறிது நெல், கிடைத்தால் கனேரி விதை. இவற்றோடு நன்கு கழுவிய முருங்கை இலை, கங்குன். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. தண்ணீர் தினமும் மாற்ற வேண்டும். கேகாலைத் தோட்டங்களில் தாராளமாகக் கிடைக்கும் ஆனைக்கொய்யாவை, அதாவது சிங்களத்தில் அலிகெட்ட பேர என்பதை, ஒரு துண்டும் வைக்க வேண்டாம். அது பறவைக்கு நஞ்சு. வாங்குபவரிடமும் இதைச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளைகள் ஆசையாகக் கொடுத்துவிடுவார்கள்.

கூட்டைச் சமையலறையில் தொங்கவிடலாகாது. விறகடுப்புப் புகை பறவையின் சுவாசத்தைக் கெடுக்கும். ஒட்டாத பூச்சுள்ள தாச்சி அளவுக்கு மீறிச் சூடேறினால் அதிலிருந்து வரும் ஆவி சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும். லயத்து வீட்டில் இடம் குறைவுதான். ஆனாலும் முன் விறாந்தையில் சாரலும் நேர் காற்றும் படாத மூலை ஒன்று இருக்கும். புதிய நாகம் பூசிய கம்பிவலையை வினாகிரி தேய்த்துக் கழுவிக் காயவைத்த பிறகே பாவியுங்கள், கிளி கம்பியைக் கடிக்கும் பழக்கமுள்ளது. இரத்தினபுரி நகரத்தின் தாழ்ந்த தெருக்களில் இருப்பவர்களுக்கு 2003 மே வெள்ளமும் 2017 மே வெள்ளமும் நினைவிருக்கும். அவர்கள் கூட்டைக் கழற்றி மேலே எடுக்கக்கூடிய விதமாகவே மாட்ட வேண்டும்.

குஞ்சு எடுத்தல்

ஒரு வயது நிரம்பாத பேட்டைச் சோடி சேர்க்க வேண்டாம். ஆறு மாதத்திலேயே அது பெட்டி தேடும், முட்டையும் இடும். ஆனால் இளம் பேட்டுக்கு முட்டை அடைத்துச் சாகும் ஆபத்து அதிகம். ஒரு சோடிக்கு இரண்டடி நீளம், ஒன்றரையடி உயரம் அகலமுள்ள கூடு போதும். எமது பகுதியில் மண்முட்டி தொங்கவிடுவது வழக்கம். மலிவுதான், குளிர்ச்சியும்தான். ஆனால் உள்ளே கைவிட்டுப் பார்க்கவும் கழுவவும் கஷ்டம். பின்புறம் திறக்கக்கூடிய, அடிப்பலகையில் குழிவெட்டிய மரப்பெட்டியே தொழிலுக்கு ஏற்றது. குழி இல்லாவிட்டால் முட்டை உருண்டு சிதறும், குஞ்சின் கால் விரிந்துவிடும்.

பேடு ஒன்றுவிட்டு ஒருநாள் முட்டையிடும். வழமையாக நான்கு முதல் ஆறு. சுமார் 18 நாளில் பொரிக்கும். முதல் முட்டைகளிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகளும் ஒன்றுவிட்டு ஒருநாளே வரும். மூத்தது இறகு முளைக்கும்போது இளையது கண் திறவாமல் இருக்கும், பயப்பட வேண்டியதில்லை. அடை வைத்து ஒரு கிழமையானதும் முட்டையைச் சிறு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரியாதது கூழ்முட்டை. 30 முதல் 35 நாளில் குஞ்சு பெட்டியை விட்டு வெளிவரும். அதற்குப் பிறகும் ஒரு கிழமைக்கு மேல் தகப்பன் ஊட்டும். தானாக மணியுடைத்துத் தின்பதைக் கண்ணால் கண்ட பிறகே பிரிக்க வேண்டும். பெட்டியிலிருந்து வந்த அன்றே விற்கப்பட்ட குஞ்சுதான் இரண்டு கிழமையில் சாகிற குஞ்சு.

ஒரு பேட்டிடம் வருடத்துக்கு இரண்டு முறை, மிஞ்சினால் மூன்று முறை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். விட்டால் அது ஓயாமல் இடும்; இரண்டாம் வருடம் எலும்பும் தோலுமாகிவிடும். நிறத்தைப் பற்றிச் சுருக்கமாக: நீலத்துக்கு நீலம் சேர்த்தால் பச்சை ஒருபோதும் வராது. பச்சைக்குப் பச்சை சேர்த்து நீலம் வந்தால் இரண்டுமே நீலத்தை மறைத்து வைத்திருக்கின்றன என்று பொருள். அந்தச் சோடியைக் கைவிட வேண்டாம். சிவப்புக் கண் மஞ்சள் சேவலைச் சாதாரணப் பச்சைப் பேட்டோடு சேர்த்தால், மஞ்சளாக வரும் குஞ்சு அனைத்தும் பேடு, பச்சையாக வருவது அனைத்தும் சேவல். மூக்குச் சதையைப் பார்க்காமலே சோடி பிரிக்கலாம்.

நோயில் மூன்றை மட்டும் சொல்கிறேன். சொண்டைச் சுற்றித் தேன்கூடு போல் வெண்பொருக்கு வந்தால் அது உண்ணி, மருந்துக்கு ஆறிவிடும். சிறகிறகும் வாலிறகும் உதிர்ந்து பறக்க முடியாமல் ஓடித்திரியும் குஞ்சு வைரஸ் தொற்றுள்ளதாக இருக்கலாம்; அதைப் பிரித்து வைத்து, அந்தப் பெட்டியில் குஞ்செடுப்பதை நிறுத்த வேண்டும். மூன்றாவது மனிதருக்கும் தொற்றும் கிளிக் காய்ச்சல். 1929, 1930 இல் கிளி வியாபாரத்தின் வழியாகவே பல நாடுகளுக்குப் பரவியது. கூட்டைக் கூட்டுமுன் எச்சத்தை நனைத்துக் கொள்ளுங்கள், தூசி பறக்கவிட வேண்டாம். காய்ச்சலும் இருமலும் விடாமல் இருந்தால் வைத்தியரிடம் பறவை வளர்ப்பதைச் சொல்லுங்கள். பறவைக்கு மருந்தை அருகிலுள்ள அரச மிருக வைத்தியரிடமே கேட்க வேண்டும். கேகாலைப் பக்கத்தாருக்குப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையும் தூரமில்லை.

கணக்கு

விலை நாளுக்கு நாள் மாறுவதால் ரூபாவில் எழுதாமல் தினையில் எழுதுகிறேன். ஒரு பறவைக்கு நாளைக்கு 8 கிராம் என்று வையுங்கள். 20 சோடி, 40 பறவை; நாளைக்கு 320 கிராம், வருடத்துக்கு சுமார் 117 கிலோ. ஒரு சோடி வருடம் இரண்டு ஈற்றில் ஆறு குஞ்சு தேற்றினால் மொத்தம் 120 குஞ்சு. அதாவது ஒரு குஞ்சின் பேரில் தாய் தகப்பன் தின்றது மட்டும் ஒரு கிலோ. குஞ்சு விற்கும் வரை தின்பதையும் சிந்துவதையும் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ. ஆகவே ஒன்றரைக் கிலோ தீனின் விலையே உங்கள் அடக்கவிலை. கூடு, மருந்து, சாவு, உங்கள் உழைப்பு எல்லாம் அதற்கு மேல். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியதை நாம் பார்த்தோம். வெளிநாட்டு விதையை மட்டும் நம்பி வளர்க்காமல், பறவைகளை உள்ளூர்க் குரக்கனுக்கும் நெல்லுக்கும் பழக்கி வைப்பது தொழிலுக்குப் பாதுகாப்பு.

விற்கும்போது

தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியைக் கேட்ட சம்பவம் எம் எல்லோருக்கும் தெரியும். பறவைக் கூட்டில் அந்த ஈரம் என்பது உதிர்ந்த சிறகு, குருட்டுக் கண், மூன்று வயது. சொல்லிவிட்டு விலையைக் குறைத்து விற்றால் அதுவும் வியாபாரம்தான்.

பெருநாள், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு நெருங்கும்போது, இன்னும் பொரிக்காத குஞ்சுக்கு முன்பணம் வாங்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. ‘இந்தச் சோடியின் அடுத்த ஈற்று உங்களுக்கு’ என்று விலை பேசுவது, பிறவாததை விற்கலாகாது என்ற நபிமொழித் தடைக்குள் வருகிறது. முட்டை கூழாகிவிட்டால் சண்டையும் வருகிறது. இன்ன இனம், இன்ன நிறம், இன்ன வயது என்று விவரித்து, முழுக் காசையும் அப்போதே பெற்று, நாள் குறித்துக் கொடுப்பது ஸலம் எனும் வேறு ஒப்பந்தம். அதற்கு நிபந்தனைகள் உண்டு, ஊர் மௌலவியிடம் கேட்டுச் செய்யுங்கள். ஒப்பந்தம் எதுவும் வேண்டாமென்றால் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதிக் கொண்டு, குஞ்சு தின்னத் தொடங்கியதும் அழைத்தால் போதும்.

ஒவ்வொரு பறவையோடும் ஒரு துண்டுக் கடதாசி கொடுங்கள்: பொரித்த திகதி, சேவலா பேடா, என்ன தின்று பழகியது, எதைக் கொடுக்கக் கூடாது. தோட்டத்தில் தமிழும் கிராமத்தில் சிங்களமும் வாசிப்பார்கள், இரண்டிலும் எழுதி நூறு பிரதி எடுத்து வைத்தால் செலவு சொற்பம். பறவையைத் துளையிட்ட கடதாசிப் பெட்டியில், காலை வேளையில் அனுப்புங்கள். மலைத் தோட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் மத்தியானம் பொலித்தீன் பையில் போன குஞ்சு வீடு போய்ச் சேராது.

புறா வளர்ப்பைப் பற்றிச் சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த வாரம் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.